கவனிச்சுக்கிட்டவங்க கணக்கு

1936 செப்டம்பர். அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை ஜேம்ஸ் போலினுக்கு வயசு 93. பொண்ணு ஹெலன் ஜாக்சனுக்கு 17. முகம் சுளிக்கத் தோணுதா? கொஞ்சம் பொறுங்க.

போலின், உள்நாட்டுப் போரில் வடக்குப் படைக்காகப் போன குதிரைப்படை வீரர். மனைவியை இழந்து தனியா இருந்தார். ஹெலன் தினமும் ஸ்கூல் முடிஞ்சு அவர் வீட்டுக்குப் போய் வேலைகளைச் செஞ்சு கொடுத்தாங்க. இலவசமா உதவி வாங்க அவருக்கு மனசில்லை. கூலி கொடுக்கவும் வழியில்லை. "என்னைக் கல்யாணம் பண்ணிக்கிட்டா, என் காலத்துக்குப் பிறகு உனக்கு விதவை பென்ஷன் வரும்"ங்கிறதுதான் அவரோட யோசனை. கல்யாணத்துக்கு அப்புறமும் ஹெலன் பெற்றோர் வீட்டிலேயேதான் இருந்தாங்க.

பராமரிப்புக்குக் கூலி தர கல்யாணம்தான் வழியா? அப்படி ஒரு நிலைமை ஏன் வந்துச்சுன்னு பார்க்கணும்னா, எழுபது வருஷம் பின்னால போகணும்.

உடல் முடங்கின வீரருக்கு எப்பவும் ஒரு ஆள் பக்கத்தில் வேணும்ங்கிறதை அமெரிக்கச் சட்டம் 1866லயே ஒத்துக்கிச்சு. அப்போ மாசம் 25 டாலர். 1874ல அது 50 ஆச்சு, 1880ல 72. ஆனா அந்தப் பணம் வீரர் பேருக்குத்தான் வரும். குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, ராத்திரி கண் முழிக்கிற மனைவிக்குன்னு தனியா ஒரு பைசா கிடையாது.

அவங்களுக்கு வர்றது விதவை பென்ஷன் மட்டும்தான். அதுவும் கணவர் இறந்த பிறகுதான். மறுமணம் செஞ்சா அதுவும் நின்னுடும். இன்னொரு ஆணோட வெளிப்படையா வாழ்ந்தா பென்ஷன் ரத்துன்னு 1882ல ஒரு சட்டமே வந்துச்சு. அதாவது, செஞ்ச வேலையைவிட நடத்தையைத்தான் அரசாங்கம் அளந்து பார்த்துச்சு.

போலின் 1939ல இறந்தார். ஹெலன் அந்தப் பென்ஷனுக்கு விண்ணப்பிக்கவே இல்லை. கேட்டா பேரைக் கெடுத்துடுவேன்னு போலினோட மகள்களில் ஒருத்தர் மிரட்டினதா பின்னாளில் சொன்னாங்க. மறுமணமும் செஞ்சுக்கலை. பல பத்தாண்டுகள் ரகசியமாவே வெச்சிருந்து, 2020 டிசம்பரில், 101 வயசில் இறந்தாங்க.

சட்டம் எப்போ மாறுச்சு? 2010ல. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு பணியில் கடுமையா காயமடைஞ்ச வீரர்களை வீட்டில் பார்த்துக்கிற குடும்பத்தினருக்கு நேரடியா மாதாந்திர உதவித்தொகை வந்துச்சு. கூடவே பயிற்சி, ஓய்வெடுக்க மாற்று ஆள் ஏற்பாடு. வியட்நாம் போர்க்கால வீரர்களோட குடும்பங்கள் 2020 வரைக்கும் காத்திருந்தாங்க. எல்லாக் காலத்து வீரர்களுக்கும் விரிஞ்சது 2022லதான்.

பக்கத்தில் ஒரு ஆள் வேணும்னு சட்டத்துக்கு 1866லயே தெரியும். அந்த ஆளுக்கே பணம் தரணும்னு தோண 144 வருஷம் ஆச்சு. ஒரு நலத்திட்டத்தைப் பற்றிப் படிக்கும்போது தொகை எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க. அது யார் கைக்குப் போகுதுன்னும் பாருங்க.