கிழக்குத் தடம்: ஆப்பிரிக்கக் கொம்பிலிருந்து அரேபியாவுக்கு

எத்தியோப்பிய மலைநாட்டில் தொடங்கி, ஜிபூத்தி அல்லது சோமாலியக் கரைக்கு இறங்கி, படகில் ஏமனை அடைந்து, அந்த நாட்டைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடந்து சவூதி அரேபிய எல்லையில் முடியும் இடப்பெயர்வுப் பாதைக்குக் கிழக்குத் தடம் என்று பெயர். உதவி அமைப்புகள் வைத்த பெயர் இது. லிபியா வழியாக ஐரோப்பாவுக்குப் போகும் பாதை நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இடம்பெறும். கிழக்குத் தடம் பெரும்பாலும் உள்பக்கத்துக்குக்கூட வருவதில்லை. ஆனால் 2019இல் ஏமன் கரையில் இறங்கியவர்கள் சுமார் 1,38,000 பேர். அதே ஆண்டில் மத்தியதரைக் கடலைத் தாண்டி ஐரோப்பா சேர்ந்தவர்கள் சுமார் 1,10,000 பேர்தான்.

செங்கடலும் ஏடன் வளைகுடாவும் சந்திக்கும் பாப் அல்-மந்தப் நீரிணை ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமே உள்ளது. அரபியில் அதன் பெயருக்குக் கண்ணீர் வாயில் என்று பொருள். வணிகர்களும் ஹஜ் பயணிகளும் அடிமைகளாக விற்கப்பட்டவர்களும் நூற்றாண்டுகளாக இந்த நீரைக் கடந்திருக்கிறார்கள். எதிர்த்திசையிலும் போக்குவரத்து இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மக்காவில் துன்புறுத்தப்பட்ட முதல் முஸ்லிம்களில் ஒரு பகுதியினர் கடல் தாண்டி, இன்றைய எத்தியோப்பியப் பகுதியிலிருந்த அக்சும் நாட்டு அரசரிடம் அடைக்கலம் பெற்றார்கள்.

இன்றைய தடத்தின் வரலாறு 1991இல் தொடங்குகிறது. சோமாலியாவில் அரசு சரிந்ததும் மக்கள் படகேறி ஏமனுக்குத் தப்பினார்கள். அரேபியத் தீபகற்பத்தில் 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இணைந்த ஒரே நாடு ஏமன். சோமாலியர் என்றால் வந்த மாத்திரத்தில் அகதியாக ஏற்றுக்கொண்டது. லஹஜ் மாகாணத்தின் கராஸ் முகாமும், ஷப்வாவின் மைஃபா வரவேற்பு மையமும் அந்தக் காலத்தவை. கரையோரம் சுற்றிவரும் குழுக்கள் நனைந்த உடையோடு நிற்பவர்களை வண்டியில் ஏற்றி மையத்துக்குக் கொண்டுவரும். சோறு, தண்ணீர், மருந்து, பிறகு பதிவு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் வருகைக் கணக்கு இப்படித்தான் உருவானது.

அந்தக் கணக்கில் ஆரம்பத்திலேயே ஓர் ஓட்டை இருந்தது. எத்தியோப்பியருக்கு இந்தத் தானியங்கி அங்கீகாரம் கிடையாது. பிடிபட்டால் சிறை, நாடுகடத்தல். ஆகவே அவர்கள் மையத்துக்கு வராமல் இரவோடு இரவாக உள்நாட்டுக்குள் நழுவினார்கள். சோமாலியர் எண்ணப்பட்டார்கள், எத்தியோப்பியரில் பலர் எண்ணப்படவில்லை. அப்படியிருந்தும் 2009இல் எத்தியோப்பியரின் எண்ணிக்கை சோமாலியரைத் தாண்டியது. 2012இல் மொத்த வருகை 1,07,000க்கு மேல் போனது. அகதிகளின் பாதையாக இருந்தது, கூலி தேடிப் போகிறவர்களின் பாதையாகவும் மாறிவிட்டது. ஆண்கள் ஆடு மேய்க்க, கட்டட வேலைக்கு. பெண்கள் வீட்டு வேலைக்கு. வளைகுடாவுக்குப் போய்வந்த தமிழ்த் தொழிலாளர் வாயில் புழங்கும் ‘கஃபீல்’ (விசாவுக்குப் பொறுப்பேற்கும் முதலாளி) என்ற சொல்லும், அந்தச் சொல்லுக்குப் பின்னாலுள்ள பயமும், விசாவோடு போன எத்தியோப்பியப் பெண்களுக்கும் தெரிந்தவை. இந்தத் தடத்தில் நடப்பவர்களுக்கோ அந்தக் கஃபீல்கூட இல்லை.

பயணத்தை நடத்துபவர் ‘தெலாலா’ எனப்படும் தரகர். அரபியில் தல்லால், இந்தியில் தலால்: ஒரே சொல்தான் கடல்கள் தாண்டிப் பரவியிருக்கிறது. கிராமத்தில் பேசிய தொகை வழியில் ஏறிக்கொண்டே போகும். ஏமன் கரையில் ராஸ் அல்-ஆரா பகுதியில் இறங்கியவர்களை மதில் சூழ்ந்த வளாகங்களில் அடைத்து, அடித்து, ஊருக்குப் போன் போடச் செய்து பணம் பறிப்பது நெடுநாள் நடைமுறை. வடக்கே ஹரத் நகரைச் சுற்றி இயங்கிய சித்திரவதை முகாம்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2014இல் விரிவான அறிக்கை வெளியிட்டது. மகனை விடுவிக்கத் தாய் வீட்டு மாட்டை விற்கிறாள், பிறகு நிலத்தை.

முகாம்களில் அல்லாமல் வழியிலேயே உதவ வேண்டும் என்ற எண்ணத்தில், சர்வதேச இடம்பெயர்வு அமைப்பான ஐஓஎம் 2009ஐ ஒட்டிய ஆண்டுகளில் சோமாலியாவின் பொசாசோவிலும், பிறகு ஜிபூத்தியின் ஒபொக்கிலும் உதவி மையங்களை அமைத்தது. ஒபொக் ஒரு சிறு துறைமுக ஊர். எத்தியோப்பிய எல்லையிலிருந்து பலர் நடந்தே வருகிறார்கள். கடல் மட்டத்துக்கு 150 மீட்டருக்கும் கீழே கிடக்கும் அசல் உப்பேரியின் ஓரமாக, கருங்கல் பாலை வழியே, கோடையில் 45 பாகையைத் தாண்டும் வெயிலில், கையில் ஒரு தண்ணீர்க் கேனோடு. ஊருக்கு வெளியே ஃபந்தஹேரோவில் முள்மர நிழலில் படுத்துப் படகுக்காகக் காத்திருப்பார்கள்.

மையத்தின் பதிவுத்தாளில் பெயர், வயது, ஊர், யாரோடு வந்தார், எங்கே அடிபட்டார் என்ற விவரங்கள் இருக்கும். தாள் வெறும் புள்ளிவிவரத்துக்காக அல்ல. தனியாக வந்த சிறுவன் என்று தெரிந்தால் குடும்பத்தைத் தேடும் வேலை தொடங்கும். காயம் என்றால் மருத்துவமனை. திரும்பிப் போக விரும்பினால் எத்தியோப்பியத் தூதரக அதிகாரி அடையாளத்தை உறுதி செய்து பயண ஆவணம் கொடுக்க வேண்டும், அதற்குப் பல வாரங்கள் ஆகலாம். இந்தத் தடத்தின் உதவி வரலாற்றில் மிகச் சிறந்த யோசனை இதுவே என்பேன்: உதவியும் கணக்கும் ஒரே மேசையில் நடந்தன. கேள்வி கேட்டவரே சோறும் போட்டார்.

அடுத்த கட்டத்தில் இரண்டும் ஓரளவு பிரிந்தன. 2011இல் நைரோபியில் தொடங்கிய வட்டாரக் கலப்பு இடப்பெயர்வுச் செயலகம், 2014இல் ‘ஃபோர்மி’ என்ற தொடர் நேர்காணல் முறையைக் கொண்டுவந்தது; 2018இல் அது கலப்பு இடப்பெயர்வு மையமாக விரிந்தது. ஐஓஎம் 2004இல் ஈராக்கில் தொடங்கிய இடப்பெயர்வுக் கண்காணிப்பு முறையும் கொம்பு நாடுகளுக்கு வந்தது. பேருந்து நிலையம், எல்லைச் சாவடி, கிணற்றடி போன்ற இடங்களில் நிற்கும் கணக்கெடுப்பாளர் கடந்து செல்பவர்களை எண்ணி, நாடு, பாலினம், கர்ப்பிணி, துணையில்லாத குழந்தை என்று குறித்துக்கொள்கிறார். இது ஆட்கணக்கு அல்ல, நடமாட்டக் கணக்கு. ஒரே ஆள் இரண்டு இடங்களில் எண்ணப்படலாம், இரவில் போகிறவர் எங்குமே எண்ணப்படாமல் போகலாம்.

2015 மார்ச்சில் ஏமன் போர் தீவிரமடைந்தபோது ஒபொக் விசித்திரமான காட்சி ஒன்றைக் கண்டது. ஏமனியர் அகதிகளாக அங்கே வந்திறங்கி மர்காசி முகாமில் தங்கினார்கள். அதே கரையிலிருந்து எத்தியோப்பியர் அந்தப் போரை நோக்கிப் படகேறினார்கள். ஏமனில் நடக்கும் சண்டை குறித்துப் பலருக்குத் தெரியாது, தெரிந்தவர்களையும் ஊர்க் கடன் துரத்தியது. போகிறவர்களை மட்டுமல்ல, திரும்புகிறவர்களையும் எண்ண வேண்டியிருந்தது. 2013 நவம்பரில் சவூதி தொடங்கிய வெளியேற்றத்தில் சில மாதங்களில் 1,60,000க்கும் மேற்பட்ட எத்தியோப்பியர் அடிஸ் அபாபாவில் விமானத்திலிருந்து இறக்கப்பட்டார்கள். 2017இல் அடுத்த அலை. அந்த விமான நிலையத்தில் பதிந்த விவரங்களே எந்த மாவட்டம் ஆளை இழக்கிறது என்பதைக் காட்டின.

சிதறிக் கிடந்த இந்த முயற்சிகளை ஒன்றாக்க 2018 ஆகஸ்டில் கொம்பு நாடுகளுக்கும் ஏமனுக்குமான வட்டார இடம்பெயர்ந்தோர் உதவித் திட்டம் அறிவிக்கப்பட்டது. கேட்ட நிதி எந்த ஆண்டும் முழுமையாகக் கிடைத்ததில்லை. ஐரோப்பாவை நோக்கிய பாதை என்றால் கிடைக்கும் அக்கறை இதற்கு இல்லை என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை வெட்டியதும் ஐஓஎம் உலகெங்கும் ஆட்குறைப்பு செய்தது.

எண்களைப் படிப்பதில் கவனம் வேண்டும். 2020இல் கோவிட் எல்லை மூடலால் ஏமன் வருகை சுமார் 37,500ஆகச் சரிந்தது. ஆசை குறைந்ததாக அதற்குப் பொருள் இல்லை, ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே சிக்கிக் கிடந்தார்கள். 2023 ஆகஸ்டில் லஹஜ் கரையில் கடத்தலுக்கு எதிரான ராணுவ நடவடிக்கை தொடங்கியதும் அங்கே கணக்கு வீழ்ந்தது. படகுகள் கண்காணிப்பாளர் இல்லாத கரைகளைத் தேடின. பருவக்காற்றும் கணக்கை ஆட்டுகிறது: தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பொசாசோ பக்கத்துக் கடல் கொந்தளித்து வருகை குறையும். இன்னொரு அபாயமும் உண்டு. எந்த ஒற்றையடிப் பாதையில், எந்த நேரத்தில் நடக்கிறார்கள் என்ற விவரம் உதவியாளருக்குப் பயன்படுவதுபோலவே கொள்ளையருக்கும் எல்லைக் காவலருக்கும் பயன்படும். தகவல் பாதுகாப்புக்கென ஐஓஎம் 2009இல் தனிக் கோட்பாடுகளை வகுத்தது.

கடினமான கணக்கு இறப்புக் கணக்கு. 2013 அக்டோபரில் இத்தாலியின் லாம்பெதூசா அருகே 368 பேர் மூழ்கியபின் ஐஓஎம் தொடங்கிய ‘காணாமல்போன இடம்பெயர்ந்தோர்’ திட்டம் கிழக்குத் தடத்தையும் உள்ளடக்கியது. 2021 மார்ச்சில் ஏமன் தலைநகர் சனாவின் தடுப்பு மையத்தில் தீப்பிடித்துப் பல பத்து எத்தியோப்பியர் கருகினர். 2022 மார்ச் முதல் 2023 ஜூன் வரை சவூதி எல்லைக் காவலர்கள் நூற்றுக்கணக்கானோரைச் சுட்டுக் கொன்றதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அறிவித்தது, சவூதி மறுத்தது. 2024இல் இந்தத் தடத்தில் பதிவான இறப்புகள் 558. 2025 ஏப்ரலில் வடக்கு ஏமனின் சாதா நகரின் தடுப்பு மையத்தின் மீது குண்டு விழுந்து 68 பேர் இறந்தனர். ஆகஸ்டில் அப்யன் கரையருகே படகு கவிழ்ந்து பல நாட்களுக்கு உடல்கள் ஒதுங்கின.

கடலில் போனவர்களாவது கரை ஒதுங்கினால் எண்ணப்படுகிறார்கள். பாலையில் தாகத்தால் விழுந்தவர் பற்றிய தகவல், கூட நடந்து பிழைத்த ஒருவர் மையத்துக்கு வந்து சொன்னால்தான் உண்டு. இறப்புப் பட்டியலின் பெரும்பாலான வரிகளில் நாள், இடம், எண்ணிக்கை இருக்கின்றன, பெயர் இல்லை. எத்தியோப்பியாவின் வோலோவிலோ ஹரர்கேயிலோ உள்ள வீடுகளில் அவர்கள் இன்னும் சவூதிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.