நீல உதடும் சளி மருந்தும்

1886, ஸ்ட்ராஸ்பர்க். அர்னால்டு கான், பால் ஹெப் என்ற இரு மருத்துவர்கள் குடல்புழுவுக்காக ஒரு நோயாளிக்கு நாப்தலீன் கொடுத்தார்கள். அந்துருண்டையில் இருக்கும் அதே நாப்தலீன்தான். அந்தக் காலத்து வைத்தியத்துக்குத் துணிச்சல் அதிகம். அவருக்கு இருந்த காய்ச்சல் மளமளவென்று இறங்கியது. விசாரித்தால், மருந்துக்கடை மாற்றி அனுப்பியிருந்தது: வந்தது அசிட்டனிலைடு.

'ஆண்டிஃபெப்ரின்' என்ற பெயரில் அது சீக்கிரமே விற்பனைக்கு வந்தது. ஆனால் சாப்பிட்டவர்களில் சிலருக்கு உதடும் நகமும் நீலம் பாரித்தன. ரத்தச் சிவப்பணுவிலுள்ள இரும்பின் தன்மையை அந்த மருந்து மாற்றிவிட்டதால், ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்தீமோகுளோபின் உருவானது.

குற்றவாளி யார் என்பது 1948இல்தான் தெளிவானது. நியூயார்க்கில் பெர்னார்டு பிரோடியும் ஜூலியஸ் ஆக்செல்ராடும் கண்டது இது: உடலுக்குள் போன அசிட்டனிலைடில் பெரும்பகுதி பாராசிட்டமாலாக மாறி வலியைக் குறைக்கிறது, அனிலீனாக மாறும் சிறுபகுதிதான் ரத்தத்தைக் கெடுக்கிறது. அப்படியானால் பாராசிட்டமாலையே நேராகக் கொடுத்துவிடலாமே! வேடிக்கை என்னவென்றால், 1893இலேயே ஜெர்மனியில் ஃபான் மேரிங் அதைச் சோதித்து, ரத்தத்துக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார். அந்தத் தவறான தீர்ப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது.

1950களில் பாராசிட்டமால் கடைக்கு வந்தது. ரத்தம் தப்பியது, அளவு மீறினால் மாட்டிக்கொண்டது கல்லீரல். 1966இல் எடின்பரோவிலிருந்து முதல் எச்சரிக்கை வந்தது. காரணத்தை 1973இல் அமெரிக்க ஆய்வாளர்கள் விளக்கினார்கள்: மருந்தின் நச்சுக்கூறைப் பிடித்து அடக்கும் குளூட்டாதயோன் ஈரலில் தீர்ந்துபோகிறது. அதை மறுபடி செய்ய உடலுக்குச் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் வேண்டும்.

எடின்பரோவின் லாரி பிரெஸ்காட் முதலில் சிஸ்டியமீனை முயன்றார். பலன் இருந்தது, வாந்தியும் இருந்தது. பிறகு கைக்கெட்டிய தூரத்திலேயே விடை கிடைத்தது. சிஸ்டீனிலிருந்து செய்யப்படும் அசிட்டைல்சிஸ்டீன் அப்போதே சளியை இளக்கும் மருந்தாகப் புழக்கத்தில் இருந்தது; அழுகிய முட்டை வாடை அடிக்கும். அதை ரத்தக்குழாய் வழியே ஏற்றி, 1979இல் 100 நோயாளிகளின் விவரத்தை அவர் குழு வெளியிட்டது. விழுங்கிய எட்டு மணி நேரத்துக்குள் தொடங்கினால் ஈரல் பெரும்பாலும் பிழைத்தது.

ஈரலை முன்கூட்டியே காக்க, மெத்தியோனின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைப் பாராசிட்டமால் மாத்திரைக்குள்ளேயே சேர்த்து 'பாராடோட்' என்று பிரிட்டனில் விற்றுப் பார்த்தார்கள். நல்ல யோசனைதான், ஆனால் நிலைக்கவில்லை. 1998இல் அந்நாட்டு அரசு வேறு வழியில் போனது: விற்கும் அளவுக்கே வரம்பு. சாதாரணக் கடையில் ஒரு பெட்டிக்கு அதிகபட்சம் 16 மாத்திரை, மருந்துக்கடையில் 32.