உயிர்தகவலியல் மென்பொருள்களை உயர்நிலை மொழிகளிலிருந்து அழைத்தல்

சி, சி++ போன்ற மொழிகளில் எழுதி, இயந்திரமொழிக்குத் தொகுக்கப்பட்ட மரபணு ஆய்வு மென்பொருள்களைப் பைத்தான், ஆர், பெர்ல் நிரல்களுக்குள்ளிருந்தே இயக்கும் முறை. கடுங்கணக்கைத் தொகுத்த மென்பொருள் வேகமாகச் செய்கிறது. தரவை ஒழுங்குபடுத்தும் வேலை எளிதில் எழுதவும் மாற்றவும் கூடிய மொழியில் நடக்கிறது.

தேவை

எடுத்துக்காட்டாக, முத்துச் சிப்பி ஆய்வைப் பார்க்கலாம். மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களில் வாழும் பிங்க்டடா ஃபுகாட்டா சிப்பியை வைத்து, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1972இல் தூத்துக்குடியில் முத்து வளர்ப்பு ஆய்வைத் தொடங்கியது. 1981இல் பொரிப்பகத்தில் சிப்பிக் குஞ்சுகளை உருவாக்கியது. ஜப்பானில் எடுத்த இவ்வினச் சிப்பியின் மரபணுத்தொகுதி வரைவை ஒக்கினாவா ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டனர். அதன் மதிப்பிட்ட அளவு ஏறத்தாழ 115 கோடி டிஎன்ஏ எழுத்துகள். அவற்றைப் பைத்தானில் ஒவ்வொன்றாக ஒப்பிட்டால் காலம் மிக நீளும்.

தனிச் செயல்முறையாக இயக்குதல்

முத்தின் பளபளப்பான அடுக்கில் உள்ள நேக்ரீன் என்னும் புரதத்துக்குரிய மரபணுவைத் தேட, பைத்தானின் சப்பிராசஸ் கூறு வழியாக தொடர்களை ஒப்பிட்டுத் தேடும் பிளாஸ்ட் தொகுப்பில், புரதத்தை டிஎன்ஏவில் தேடும் டிபிளாஸ்ட்என் நிரலை இயக்கலாம். அட்டவணை வடிவில் கேட்டால், இயல்பாக 12 நெடுவரிசைகளில் விடை வரும். அந்த நிரல் முறிந்தாலும் அழைத்த நிரல் தப்பும். ஆனால் ஒவ்வொரு தொடக்கத்துக்கும் நேரம் செலவாவதால், தேட வேண்டிய புரதங்களை ஒரே கோப்பில் சேர்த்து ஒருமுறை அழைப்பதே சிக்கனம். நிரல் பிழையின்றி முடிந்ததா என அறிய, முடிவுக் குறியீடு சுழியமா என்பதையும் சரிபார்க்க வேண்டும்.

நூலகத்தோடு பிணைத்தல்

டிஎன்ஏ தொடர்த் தரவுக் கோப்புகளைப் படிக்கும், சியில் எழுதிய எச்டிஎஸ்லிப் நூலகத்தைப் பைத்தானில் பைசாமும், ஆரில் ஆர்சாம்டூல்ஸும் நேரடியாகப் பயன்படுத்துகின்றன. தரவு உரையாக மாறாமல் நினைவகத்திலேயே கைமாறுவதால், சிறு அழைப்புகள் பல்லாயிரம் வந்தாலும் தாங்கும். ஆனால் நூலகத்தில் நேரும் நினைவகப் பிழை முழு நிரலையும் வீழ்த்தும். பைத்தானின் சிடைப்ஸ் கூறு வழியாக இணைக்கையில் தரவு வகையைத் தவறாக அறிவித்தால், எச்சரிக்கை ஏதுமின்றித் தவறான விடையும் வரலாம்.

எண் வேறுபாடு

தொடர் ஒப்பீட்டு முடிவுகளைப் பதியும் சாம் உரைக்கோப்பில் ஒரு தொடரின் முதல் எழுத்து 1ஆம் இடம்; பைசாமில் 0; ஆரில் மீண்டும் 1. புரதத்துக்குரிய டிஎன்ஏவை மூன்று மூன்று எழுத்துகளாகப் படிப்பதால், ஓரிடம் பிசகினாலும் அமினோ அமிலங்கள் பெரும்பாலும் மாறிவிடும்.

தேர்வு

பெரிய வேலை, குறைந்த அழைப்புகள் என்றால் தனிச் செயல்முறை பொருந்தும். சிறு வேலை, மிகுந்த அழைப்புகள் என்றால் பிணைப்பு பொருந்தும். எவ்வழியாயினும் மென்பொருளின் பதிப்பெண்ணைப் பதிந்துவைத்தால்தான் முடிவை மறுபடி பெற முடியும். பயோகொண்டா போன்ற தொகுப்புகள் அதே பதிப்பை மீண்டும் நிறுவ உதவுகின்றன.