குரங்கும் சயாம் இரயிலும்

குரங்கை நினையாமல் மருந்தைக் குடி என்ற வைத்தியனின் கதையை நம் பாட்டிமார் நகைப்புக்காகச் சொல்வர். அது நகைப்புக்குரியதன்று.

சயாம்–பர்மா இரயில் பாதை வேலைக்கென 1943இல் மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவரை ஜப்பானியர் சரக்கு வண்டிகளில் ஏற்றிச் சென்றனர். பாதையின் நீளம் 415 கிலோமீட்டர். வாந்திபேதியும் மலைக்காய்ச்சலும் பசியும் வாரிக்கொண்டன. போன பல்லாயிரவரில் பெருந்தொகையினர் திரும்பவில்லை. 1945க்குப் பின் மீண்டவர்க்கு வீட்டார் கூறிய மருந்தோ, "மறந்துவிடு" என்பதே.

மறப்பது எங்ஙனம்? ஒன்று உள்ளே வராமற் காக்கும் மனம், அதன் முகத்தை மறவாதிருந்தாலன்றோ காவல் புரிய முடியும்! 1987இல் டேனியல் வெக்னர் என்னும் அமெரிக்க உளநூலார் மாணவர் சிலரை வெள்ளைக் கரடியை நினையாதிருக்கும்படி பணித்தார். நினைவு வந்தால் மணியடிக்கவும் சொன்னார். மணி ஒலித்துக்கொண்டே இருந்தது. பிறகு நினைக்கலாம் என்றதும், முதலிலிருந்தே தடையின்றி நினைத்தவரைக் காட்டிலும் அடக்கியவர்க்கே கரடி மிகுதியாய் வந்தது.

காணாத கரடிக்கே இவ்வளவென்றால், தோழரைப் புதைத்த கைகளுக்கு? அதிலும் இரயிலோசை ஓயாத பிரிக்பீல்ட்சில் வாழ்ந்தவர்க்கு? கிள்ளான் தோட்டங்களிலே மாலைதோறும் கள்ளுக்கடை புகுந்தவரைக் குடிகாரர் என்று நம் சீர்திருத்த மேடைகள் ஏசின. அவருள் சயாமை அமுக்கவே குடித்தவர் எத்தனை பேர் என்று நாம் கேட்டோமில்லை.

ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் நூலாக வெளிவந்தது 1993இல். அதற்குள் வாய்திறக்க வேண்டியவரிற் பலர் மாண்டுபோயினர்.