ஜிபி 18030: சீன எழுத்துக் குறியாக்கமும் அதன் பதிப்புகளும்

ஜிபி 18030 என்பது சீன மக்கள் குடியரசின் தேசிய எழுத்துக் குறியாக்கத் தரம். 2000, 2005, 2022 என மூன்று பதிப்புகள் கண்டது. சில குறியீடுகளின் பொருள் பதிப்புக்குப் பதிப்பு மாறியிருப்பதால், பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் சேர்த்தே கையாள வேண்டிய கடமை மென்பொருள்களுக்கு உண்டு.

முன்னோடிகள்

1980-இல் வெளியான ஜிபி 2312-இல் 6,763 ஹான் (சீன) எழுத்துகள் இருந்தன. அதிகம் புழங்கும் 3,755 எழுத்துகள் பின்யின் (சீன ஒலிப்பை ரோமன் எழுத்தில் எழுதும் முறை) ஒலிவரிசையிலும், எஞ்சிய 3,008 எழுத்துகள் வேர்வடிவ வரிசையிலும் அடுக்கப்பட்டன. அன்றாட எழுத்துக்கு இது பெரும்பாலும் போதும், ஆட்பெயர்களுக்குப் போதாது. 1998 முதல் 2003 வரை பிரதமராக இருந்த ஜூ ரோங்ஜியின் பெயரில் வரும் 'ரோங்' எழுத்துக்கே அதில் இடமில்லை. 1990-களில் வந்த ஜிபிகே, 21,003 ஹான் எழுத்துகளுடன் இக்குறையைப் பெருமளவு போக்கியது. விண்டோஸ் 95 வழியாகப் பரவியது.

2000-ஆம் ஆண்டுத் தரம்

ஜிபி 18030 பழைய குறியீடுகளை அப்படியே ஏற்று, நான்கு பைட் குறியீடுகளைப் புதிதாகச் சேர்த்தது. இரண்டாம் பைட்டின் மதிப்பு 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களில் ஒன்றைக் குறித்தால், அது நான்கு பைட் குறியீடு என்று மென்பொருள் அறிந்துகொள்ளும். இவ்வழியில், உலக மொழிகளின் எழுத்துகளுக்கான பொதுக் குறியாக்கமாகிய யூனிகோடு முழுவதற்கும் இடம் கிடைத்தது. தமிழ் எழுத்துகளுக்கும் இதில் நான்கு பைட் குறியீடுகள் உண்டு.

மாறிய பொருள்கள்

2000-இல் சில எழுத்துகள், பெரும்பாலும் யூனிகோடில் இடம் இல்லாததால், பயனர்கள் தம் விருப்பப்படி பயன்படுத்த அதில் ஒதுக்கப்பட்ட தனிப்பயன் பகுதியோடு தற்காலிகமாக இணைக்கப்பட்டன. பின்யினில் வரும் ஒலிக்குறியிட்ட 'எம்' எழுத்துக்கு முறையான இணைப்பு 2005-இல் கிடைத்தது. 2022-இல் மேலும் 18 குறியீடுகள் திருத்தப்பட்டன. செங்குத்து எழுத்தில் வரும் நிறுத்தக்குறிகளும் சில ஹான் எழுத்துறுப்புகளும் அவற்றுள் அடங்கும்.

இந்த மாற்றம் சிறிதாகத் தோன்றினாலும் அதன் விளைவு பெரிது. புதிய பதிப்பின்படி சேமித்த செங்குத்துக் காற்புள்ளியைப் பழைய மென்பொருள் தனிப்பயன் எழுத்தாகவே படிக்கும். பொருத்தமான எழுத்துரு இல்லாத கணினியில் வெற்றுக் கட்டம்தான் தெரியும். தரவுத்தளத் தேடலில் ஒரே எழுத்து இரண்டாகப் பிரிந்து நிற்கும்.

மென்பொருள்களின் வழிகள்

ஜிபி 2312 என்று தன்னை அறிவிக்கும் பக்கத்தையும் இன்றைய உலாவிகள் ஜிபிகே ஆகவே படிக்கின்றன. புதியது பழையதை முழுதாக உள்ளடக்கியிருப்பதால் இங்கே சிக்கல் இல்லை. ஜிபி 18030-இன் பதிப்புகளுக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஜாவா 21, 2022 பதிப்பை இயல்பாக ஏற்றுக்கொண்டு, தேவைப்படுவோர் 2000 பதிப்புக்குத் திரும்ப ஓர் அமைப்பையும் தந்துள்ளது.

இன்றைய நிலை

2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறையில் உள்ள 2022 பதிப்பு 87,887 ஹான் எழுத்துகளை உள்ளடக்கியது. செயல்படுத்தலை மூன்று நிலைகளாக வகுத்து, அரசுப் பணிகளுக்கும் பொதுச் சேவைகளுக்குமான மென்பொருள்கள் மூன்றாம் நிலையை எட்ட வேண்டும் என்கிறது. அரிய எழுத்தைப் பெயரில் கொண்ட குடிமக்களின் ஆவணங்கள் பிழையின்றி அமைய இது இன்றியமையாதது. ஆனால் மூன்று பதிப்புகளுக்கும் பெயர் ஒன்றே என்பதால், 'ஜிபி 18030' என்ற குறிப்பு மட்டும் ஒரு கோப்பைச் சரியாகப் படிக்கப் போதாது. எந்த ஆண்டுப் பதிப்பு என்பதையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.