எரிந்துபோன வண்டிகள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று குழுவினர் கேட்டபோதே, "டெக்னிகலா எதுவும் வேண்டாம்ப்பா, வீட்டுல இருக்கிறவங்களும் படிக்கணும்" என்று எச்சரித்துவிட்டார்கள். ஆகவே வண்டியைப் பற்றி எழுதுகிறேன். பொம்மை வண்டி.

ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்திய சுடுமண் பொம்மை வண்டிகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. சட்டம் மண், சக்கரமும் மண். சட்டத்தில் வரிசையாகச் சின்னத் துளைகள் இருக்கும். அவற்றில் செருகியிருந்த குச்சிகளும், சக்கரங்களைக் கோத்திருந்த அச்சும் மட்டும் இல்லை. அவை மரம். மக்கிப்போய்விட்டன. எகிப்தின் வறண்ட மண்ணில் கீழ்த்தாடை அசைகிற மரப்பொம்மை ஒன்று தப்பிப் பிழைத்து, இப்போது லண்டன் மியூசியத்தில் உட்கார்ந்திருக்கிறது. மழையும் கரையானும் உள்ள நம் ஊரில் அதற்கெல்லாம் வழியில்லை. மர விளையாட்டுச் சாமான்களின் சரித்திரம் எழுதப் போகிறவனுக்கு முதல் தொல்லையே இதுதான். சாட்சி மிஞ்சாது.

மிஞ்சியது பாட்டில்தான். பெரும்பாணாற்றுப்படையில் குழந்தைகள் உருட்டுகிற தேர் ஒன்று வருகிறது. தச்சர் வீட்டுப் பிள்ளைகளே ஆசைப்படும்படி செய்த தேராம். ஏறிப் போகிற தேர் இல்லை, உருட்டுகிற தேர். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பிள்ளை மூன்று சக்கரச் சிறுதேரைக் குதிரையில்லாமல் உருட்டிக்கொண்டு போகிறான். நெல் தின்ன வந்த கோழியை விரட்டப் பெண்கள் கழற்றி எறிந்த காதணி அந்தத் தேருக்குக் குறுக்கே கிடந்து தடுக்கிறது! எங்கள் தெருவில் சக்கரத்துக்குக் குறுக்கே வந்ததெல்லாம் ஜல்லிக்கல்தான். மூன்று சக்கரம் என்றதும் எனக்கு நடைவண்டி ஞாபகம் வந்தது. பிறகு ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிறுதேர் என்று கடைசியாக ஒரு பருவமே வைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் தச்சர் செய்துகொடுத்த தேர். பிள்ளைகள் தாங்களே செய்த வண்டியைப் புலவர்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அதை நான் சொல்கிறேன்.

அம்பாசமுத்திரம் பக்கம் எங்கள் ஊர். கடைசல் சொப்புச் சாமான்களுக்குப் பேர்போன இடம். தங்கச்சிக்குச் சொப்பு வாங்கித் தருவார்கள். பையன்களுக்கு வாங்கித் தரும் வழக்கம் கிடையாது, நாங்களே செய்துகொள்ள வேண்டியதுதான். சித்திரை, வைகாசியில் நுங்கு வண்டி. நுங்கு தின்ற பனங்காய் இரண்டு, நடுவில் ஒரு குச்சி, தள்ளுவதற்குக் கவட்டைக் கம்பு. இரண்டு நாள் ஓடும். அப்புறம் காய் வற்றித் துளை பெரிசாகிச் சக்கரம் தள்ளாடும். பம்பரமும் செதுக்குவோம். கொய்யாக் கட்டையை அரிவாளால் சீவி ஆணி அடிப்போம். ஆணி மையத்தில் விழாவிட்டால் பம்பரம் நிற்காது, குதிக்கும். முதல் ஆக்கரிலேயே பிளந்துவிடும்.

1998-ல் எனக்குப் பத்து வயது. பால்ரஸ் வண்டி செய்யும் ஆசை வந்தது. பழைய இரும்புக் கடையில் மூன்று பேரிங் கிடைத்துவிட்டன. அச்சுதான் சிக்கல். எந்தக் கம்பை வெட்டினாலும் ஒன்று நுழையாது, அல்லது கழன்றுவிடும். தெருமுனையில் பட்டறை வைத்திருந்த ஆசாரித் தாத்தாவிடம் போய் நின்றேன். செய்துதரமாட்டேன் என்று சொல்லிவிட்டார். "ஏல, நீயே சீவு. நான் பாக்கேன்" என்றார்.

மூன்று சாயங்காலம் உட்கார்ந்து சீவினேன். கட்டை கருவேலம். மாட்டு வண்டிச் சக்கரத்துக்கே அதுதான் போடுவார்களாம். கட்டைவிரலால் தடவி ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கச் சொன்னார். எதிர்த்துச் சீவினால் பிய்ந்துவரும். துளையைவிட மயிரிழை பெரிசாக விட்டு, கொட்டாப்புளியால் மெதுவாகத் தட்டி இறக்கச் சொன்னார். "உள்ள போகணும், ஆனா அதுக்கு மனசு இருக்கக் கூடாது. அப்பதான் நிக்கும்" என்றார்.

நின்றது. வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் விட்டோம். பிரேக் என்ற சங்கதி இருவருக்கும் தோன்றவில்லை. சித்தி மகனுக்கு முகவாயில் நாலு தையல். தாத்தா மறுநாள் பின்சக்கரத்தில் உரசும்படி ஒரு கட்டையைக் கீல் வைத்துப் பொருத்தித் தந்தார். அது ஒன்றுதான் அவர் கையால் செய்தது.

2006-ல் நம் கல்லூரிக்கு வந்தேன். முதல் வருஷம் கார்ப்பென்ட்ரி ஷாப். நம்மில் பலருக்கு அந்தக் காக்கி உடையும் ஹாஃப் லேப் ஜாயின்டும் மறந்திருக்காது. தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன் நான். "ட்ரை ஸ்கொயர் எடுத்துட்டு வா" என்றால் டூல் ரூம் வாசலில் முழித்துக்கொண்டு நிற்பேன். அங்கிருந்த அண்ணன்தான், "மூலைமட்டம் தம்பி" என்று எடுத்துக் கையில் கொடுத்தார். அப்படியே ஜாக் பிளேன் இழைப்புளியாயிற்று, மேலெட் கொட்டாப்புளியாயிற்று.

ஒருநாள் இழைப்பதற்கு முன் வழக்கம்போலக் கட்டைவிரலால் ரேகை பார்த்தேன். இன்ஸ்ட்ரக்டர் கவனித்துவிட்டார். "யார்கிட்டப்பா கத்துக்கிட்ட?" என்று கேட்டார். சுற்றி அத்தனை பேர். ஒரு ஆசாரியிடம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "சும்மா சார், வீட்டுல" என்றேன்.

மூன்றாம் வருஷம் மெஷின் டிசைன். டேட்டா புக்கில் பேரிங் அட்டவணையைப் புரட்டினால் 6204 என்று ஒரு வரி. என் வண்டிச் சக்கரத்தின் விளிம்பில் பொறித்திருந்த அதே நம்பர்! கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம், 20 மில்லிமீட்டர். வெளிவிட்டம் 47. மயிரிழை பெரிசாக விட்டுத் தட்டி இறக்குவதற்கு இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் என்று பெயர். இன்னொன்றும் அப்போது படித்தேன். 1794-ல் வேல்ஸில் ஃபிலிப் வாகன் என்ற இரும்புத் தொழிலதிபர் குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கியதே வண்டி அச்சுக்காகத்தானாம். மோட்டாரிலும் மில்லிலும் ஓடி ஓய்ந்த பேரிங்கை நாங்கள் மறுபடி வண்டிக்கே கொண்டுவந்திருக்கிறோம்.

இதை ஆசாரித் தாத்தாவிடம் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். இன்டர்ஃபியரன்ஸ் ஃபிட் என்று சொன்னால் சிரித்திருப்பார். அந்த செமஸ்டர் லீவில் ஊருக்குப் போனபோது பட்டறை பூட்டியிருந்தது. பரீட்சை நேரம் என்று வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. காரியமெல்லாம் முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது.

அவர் கை பட்ட அந்தப் பிரேக் கட்டையாவது இருக்குமே என்று வீட்டில் பரணெல்லாம் தேடினேன். அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அந்தப் பலகையா? ஐப்பசி மழையில விறகெல்லாம் நனைஞ்சு கிடந்துச்சுடா, வெந்நி அடுப்புல வச்சுட்டேன். நல்லா நின்னு எரிஞ்சுது." பேரிங் மூன்றையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டாளாம்.