ஹீத்கிட்

ஹீத்கிட் என்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பென்டன் ஹார்பர் என்ற ஊரிலிருந்து ஹீத் நிறுவனம் 1947 முதல் 1992 வரை விற்றுவந்த எலெக்ட்ரானிக் கருவித் தொகுப்புகளின் பெயர். பெட்டியில் உதிரிபாகங்களும் கையேடும் இருக்கும். சால்டர் வைத்துக் கருவியாக்குவது வாங்கியவர் பொறுப்பு. கல்லூரிப் பக்கமே போகாமல் எலெக்ட்ரானிக்ஸ் துறைக்குள் வந்த பலர் தொழில் பழகியது இதில்தான்.

நிறுவனர் எட்வர்ட் ஹீத் விற்றது விமானத் தொகுப்பு. 1931இல் சோதனைப் பறத்தலில் அவர் இறந்தார். 1935இல் நிறுவனத்தை வாங்கிய ஹோவர்ட் ஆன்டனியும் 1954இல் விமான விபத்திலேயே மாண்டார். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவம் கழித்துவிட்ட பாகங்கள் மலிவாகக் கிடைக்க, அவற்றைக் கொண்டு ஆன்டனி 1947இல் வெளியிட்ட ஓ-1 ஆஸிலோஸ்கோப்தான் முதல் வெற்றி. விலை 50 டாலருக்கு மேற்படவில்லை.

ஒலிப் பிரியர்களை ஈர்த்தவை வில்லியம்சன் வகை வால்வு ஆம்ப்ளிஃபயர்கள். டி.டி.என். வில்லியம்சன் 1947இல் ‘வயர்லெஸ் வேர்ல்ட்’ இதழில் வெளியிட்ட 15 வாட் சுற்றே அவற்றின் மூலம். இதழைப் பார்த்துச் சொந்தமாகச் செய்தவர்கள் திணறியது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில். சுற்றில் 20 டெசிபல் எதிர்ப் பின்னூட்டம் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் மட்டமானதாக இருந்தால் ஆம்ப்ளிஃபயர் தானாகவே அலைவெழுப்பத் தொடங்கிவிடும். ஹீத்கிட் தொகுப்பில் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றி முடித்தே வந்தது.

கையேட்டில் ஒவ்வொரு படிக்கும் முன்னால் ‘டிக்’ அடிக்க இடம் விட்டிருக்கும். ‘என்எஸ்’ என்றிருந்தால் கம்பியை மாட்டு, இன்னும் சால்டர் வைக்காதே என்று பொருள். ‘எஸ்-2’ என்றால் அம்முனையில் இரண்டு கம்பிகள் சேர்ந்திருக்க வேண்டும், இப்போது சால்டர் வை. மூன்று இருந்தால் எங்கோ தப்பு நடந்திருக்கிறது. இப்படி எண்ணிப் பூட்டுபவர், சுற்று எப்படி இயங்குகிறது என்று அறியாமலே வேலையை முடித்துவிடலாம் என்ற குறை நியாயமானதே. படிப்பு தொடங்கியது கருவி பாடாதபோதுதான். ஒவ்வொரு வால்வின் ஒவ்வொரு காலிலும் எத்தனை வோல்ட் இருக்க வேண்டும் என்று கையேட்டில் அட்டவணை தந்திருப்பார்கள். பூஜ்யம் காட்ட வேண்டிய கிரிட் காலில் மீட்டர் சில வோல்ட் காட்டினால், முந்தைய நிலையிலிருந்து ஒலியைக் கடத்தும் கெபாசிட்டர் கசிகிறது என்று சந்தேகிக்கலாம். காரணத்தைத் தேடிப் போனவருக்கு பயஸ் (வால்வை இயங்குநிலையில் வைக்கும் வோல்டேஜ்) என்றால் என்ன என்பதும் புரிந்தது.

தொகுப்பு மலிவாக இருந்ததற்குக் காரணம் கூலி மிச்சம். சுற்றுப் பலகைகளில் பாகங்களை எந்திரங்கள் பொருத்தத் தொடங்கியதும் அந்த மிச்சம் கரைந்தது. கடையில் கிடைத்த முழுக் கருவி தொகுப்பைவிட மலிவானது. 1979இல் ஹீத் நிறுவனம் ஜெனித் நிறுவனத்தின் வசம் போனது. 1992இல் தொகுப்பு விற்பனை நின்றது.

இன்று கற்பவருக்குத் தகவல் பஞ்சமில்லை. எல்டிஸ்பைஸ் போன்ற இலவச மென்பொருளில் சால்டரைத் தொடாமலே சுற்றை ஓட்டிப் பார்க்கலாம். சிப் தயாரிப்பாளர்களே மாதிரிச் சுற்றுகளைத் தருகிறார்கள். ஆனால் மலிவான கிளாஸ்-டி ஆம்ப்ளிஃபயர் பலகைகள் பல, சுற்றுப்படமோ வோல்டேஜ் அட்டவணையோ இல்லாமல் வருகின்றன. புகைந்தால் வேறு பலகை வாங்குவதே வழக்கம். பழைய ஹீத்கிட் கையேடுகளோ ஸ்கேன் பிரதிகளாக இன்னும் கைமாறுகின்றன. வால்வு ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்ப்போர் அந்த அட்டவணைகளையே இன்றும் புரட்டுகிறார்கள்.